முன்னம் இழந்த நகை: ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரன் பாத்திரமும் நேயர் உரையாடலும்

ஆய்வுச்சுருக்கம்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தொடரின் கதையையோ அது பெண்களைச் சித்திரிக்கும் முறையையோ மட்டுமே பொருளாகக் கொள்கின்றன. தொடரைப் பார்ப்பவர்கள் அதைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது ஒரு பொருள்கோள் செயல் என்பது போதிய அளவு கருதப்படவில்லை. சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரன் என்னும் பாத்திரம், அப்பாத்திரத்தை ஏற்ற ஜி. மாரிமுத்துவின் மறைவு, அதன்பின் வேல ராமமூர்த்தி அதனை ஏற்றது ஆகிய மூன்றையும் ஒட்டி எழுந்த நேயர் உரையாடலை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் கேட்போர், எச்சம், முன்னம், மெய்ப்பாடு ஆகிய கருத்தாக்கங்கள் இவ்வாய்வுக்குக் கருவிகளாகின்றன. வெகுளிக்குரிய பாத்திரம் நகைக்குரியதாக மாறியது எவ்வாறு, அந்நகை வீட்டதிகாரத்தைக் குலைத்ததா, காத்ததா என்பதே கட்டுரையின் வினா.

திறவுச்சொற்கள்: நேயர், தொலைக்காட்சித் தொடர், எதிர்நீச்சல், முன்னம், எச்சம், மெய்ப்பாடு, விளி, பாத்திரப் பதிலீடு

முன்னுரை

தமிழ்நாட்டில் தனியார் தொலைக்காட்சியின் காலம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதோடு பரவலாயிற்று. 1999இல் தொடங்கிய ‘சித்தி’, 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’ ஆகியவை நெடுந்தொடர் என்னும் வடிவத்தை இல்லந்தோறும் நிலைநிறுத்தின. அன்று முதல் இன்று வரை இத்தொடர்களைப் பற்றிய அறிவுலகத்தின் மதிப்பீடு பெரிதும் மாறவில்லை. அழுகை, மாமியார் மருமகள் பூசல், இழுத்தடிப்பு என்னும் மூன்று சொற்களுக்குள் அவ்வடிவம் அடக்கப்பட்டுவிடுகிறது. அவற்றைப் பார்ப்போர், தரப்பட்டதை மறுப்பின்றி ஏற்கும் திரளாகக் கருதப்படுகின்றனர்.

இக்கருத்து மேலைநாட்டில் 1980களிலேயே கேள்விக்கு உட்படுத்தப்பட்டது. ‘டல்லஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரை விரும்பியோரும் வெறுத்தோரும் தமக்கு எழுதிய 42 மடல்களை முன்வைத்து நெதர்லாந்தில் ஆய்வு செய்தவர் இயன் ஆங். செல்வர் வீட்டுக் கதை நம்ப இயலாதது என்று அறிந்திருந்தும், அதன் உணர்ச்சி தமக்கு மெய்யானது என்று பார்வையாளர்கள் கொண்டதை அவர் ‘உணர்ச்சி மெய்ம்மை’ என்று வகைப்படுத்தினார். தொடரை எள்ளியவாறே பார்த்துக்கொண்டிருக்கும் மற்றொரு பிரிவினரையும் அவர் அடையாளம் கண்டார். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூலில், ரசிகர்கள் பிறர் படைத்த பனுவலிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துத் தமக்குரியதாக்கிக்கொள்வதை விளக்கினார். பகல்நேரத் தொடர்களின் ரசிகர்கள் கணினி வழியே நிகழ்த்திய உரையாடலை நான்சி பேய்ம் 2000இல் நூலாக்கினார். இந்திய அளவில் பூர்ணிமா மங்கேகரின் ஆய்வு (1999) தூர்தர்ஷன் தொடர்களைப் பார்த்த பெண்கள் அவற்றைத் தம் வாழ்வோடு பொருத்தி விளங்கிக்கொண்ட முறையை எடுத்துக்காட்டியது.

இவ்வாய்வுகளின் முடிவுகளைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பெயர்த்து வைப்பது போதாது. தமிழ்ச் செய்யுளியல் மரபு கேட்போரையும் காண்போரையும் கருதிப் பார்த்த மரபாகும். அம்மரபின் கருவிகள் இன்றைய நேயர் உரையாடலை விளக்கும் ஆற்றல் உடையனவா என்று சோதிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேயர், ரசிகர், பார்வையாளர்

தமிழில் இம்மூன்று சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கினாலும் அவற்றின் பின்புலம் வேறு. ‘ரசிகர்’ என்னும் சொல் தமிழ்நாட்டில் திரைப்பட நடிகரோடும் ரசிகர் மன்றத்தோடும் பிணைந்தது. எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் அரசியலாக மாறியதை எம்.எஸ்.எஸ். பாண்டியனும் (1992), மதுரை நகர்ப்புற எளியோரின் திரைப்பட ஈடுபாட்டைச் சாரா டிக்கியும் (1993) ஆராய்ந்தனர். இவ்வாய்வுகளில் ரசிகர் என்பவர் பெரும்பாலும் ஆண். அவரது ஈடுபாடு பொதுவெளியில் நிகழ்வது. அதன் மையம் நடிகர். படத்திற்குப் படம் பாத்திரம் மாறினாலும் நடிகர் மாறுவதில்லை.

தொலைக்காட்சித் தொடரின் நிலை இதற்கு மாறானது. ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரம் நாள்தோறும் வீட்டிற்குள் வருகிறது. நடிகரின் இயற்பெயரை அறியாதவரும் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அழைக்கின்றனர். ‘கோலங்கள்’ தொடரின் தேவயானி திரைப்படத்தால் முன்பே அறியப்பட்டவர். எனினும் தொடரைப் பற்றிய பேச்சில் அவர் ‘அபி’ ஆனார். வானொலிக் காலத்திலிருந்து வழங்கிவரும் ‘நேயர்’ என்னும் சொல் இவ்வுறவுக்குப் பொருத்தமாக அமைகிறது. நேயம் என்பது அன்பு. வீட்டிற்குள் வரும் குரலோடு கொள்ளும் பழக்கத்தை அச்சொல் குறிக்கிறது. 1956இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் ஆகிய இருவரும் தொலைக்காட்சியில் தோன்றுவோரிடம் பார்வையாளர் கொள்ளும் ஒருவழி நெருக்கத்தைப் பற்றி எழுதினர். அவர்கள் சுட்டிய நெருக்கத்தை ‘நேயர்’ என்னும் சொல் தன் பொருளிலேயே கொண்டுள்ளது. ஆதலின் இக்கட்டுரை இச்சொல்லையே ஆள்கிறது.

நேயர் உரையாடலை மூன்றாகப் பகுக்கலாம். பாத்திரங்களை உண்மை மனிதர்போல் கொண்டு அவர்தம் செயலின் நன்மை தீமைகளைத் தீர்ப்பது ஒன்று. கதை நகரும் விதம், வசனம், இழுவை ஆகியவை பற்றி இயக்குநரை நோக்கிப் பேசுவது மற்றொன்று. நடிகரின் திறம், வாழ்வு, பிற படங்கள் ஆகியவை பற்றிப் பேசுவது மூன்றாவது. இவற்றை முறையே பாத்திரப் பேச்சு, ஆக்கப் பேச்சு, நடிகர் பேச்சு எனலாம். ஒரே நேயர் ஒரே மூச்சில் இம்மூன்றையும் பேசுவார். ஈஸ்வரி ஏன் பொறுத்துப்போகிறாள் என்று சினந்தவரே அடுத்த தொடரில், இயக்குநர் கதையை நகர்த்த மறுக்கிறார் என்று குறைபடுவார். பாத்திரத்தை மெய்யென நம்பிக் குழம்புபவர் நேயர் என்னும் கருத்து இங்கேயே தகர்கிறது. கதை புனைவு என்று அறிந்தே அவர் அதற்குள் புகுந்து தீர்ப்பளிக்கிறார்.

எச்சமும் நாள்தோறும் நிகழும் காத்திருப்பும்

தொல்காப்பியச் செய்யுளியல் கேட்போர், எச்சம், முன்னம் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளாகக் கொள்கிறது. சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிறைவுசெய்து கொள்ளுமாறு விடப்படுவது எச்சம். இன்ன இடத்தில் இன்ன மொழியை இன்னார் இன்னாருக்குக் கூறுதல் உரியது என்று அறியக் கிடப்பது முன்னம். இரண்டும் பனுவலின் உறுப்புகளாக இருந்தும் கேட்பவரிடத்தே சென்று நிறைவெய்துவன.

தொலைக்காட்சித் தொடர் எச்சத்தையே தன் அடிப்படை உத்தியாகக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் முடிவுறாத ஒரு முகத்தின் அண்மைக் காட்சியில் நின்றுவிடுகிறது. மறுநாள் வரை அதனை நிறைவுசெய்வது நேயரின் வேலை. பகல்நேரத் தொடர்களை ஆராய்ந்த ராபர்ட் ஆலன் (1985), பகுதிகளுக்கு இடைப்பட்ட இவ்விடைவெளியே பார்வையாளரைப் பொருள்கோளுக்கு உந்துகிறது என்று கருதினார். அவ்விடைவெளியில் நிகழ்வதே நேயர் உரையாடல். ‘கோலங்கள்’ காலத்தில் அது திண்ணையிலும் அலுவலகத்து உணவு இடைவேளையிலும் பேருந்திலும் நிகழ்ந்தது. ‘எதிர்நீச்சல்’ காலத்தில் அது எழுத்தாகவும் துண்டுக் காட்சியாகவும் நகைப்படமாகவும் கைப்பேசிக்குள் நிகழ்ந்தது. இடம் மாறினாலும் தொழில் மாறவில்லை.

2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரை இயக்கியவர் ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வம். மதுரைப் பின்னணியில் அமைந்த ஒரு செல்வக் கூட்டுக்குடும்பத்தில் மூத்தவரான ஆதி குணசேகரன், படித்த பெண்களை வீட்டு மருமகள்களாகக் கொண்டுவந்து அவர்களை அடுக்களைக்குள் முடக்குகிறார். அவர் மனைவி ஈஸ்வரி, தம்பியர் மனைவியரான ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகியோர் மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்து எதிர்ப்பதே கதை. மருமகள்களுக்கு இடையே பகையை வளர்ப்பது தமிழ்த் தொடர்களின் வழக்கம். இங்கு அவர்கள் ஓரணியில் நின்றனர். அப்பத்தாவின் 40 விழுக்காட்டுச் சொத்துப் பங்கு, தங்கை ஆதிரையின் திருமணம் ஆகியன இவ்வணியின் வெற்றி தோல்விகளை முடிவுசெய்யும் களங்களாயின.

ஆதிரையின் திருமணக் கதைப்பகுதி எச்சத்தின் இயல்பை நன்கு காட்டுகிறது. அவள் விரும்பியவனை மணப்பாளா, அண்ணன் முடிவுசெய்த கரிகாலனை மணக்க நேருமா என்னும் வினா பல வாரங்கள் நீட்டிக்கப்பட்டது. நேயர்கள் மருமகள்களின் சார்பில் திட்டங்களை வகுத்தனர். எந்த மருமகள் எங்கே தவறினாள் என்று கணக்கிட்டனர். முடிவில் கரிகாலனே தாலி கட்டினான். அப்போது எழுந்த சினம் குணசேகரனை நோக்கியதாக மட்டும் அமையவில்லை, இயக்குநரையும் நோக்கியது. பெண்கள் வெல்வர் என்னும் உறுதியைத் தொடரின் தலைப்பே தந்திருக்க, அவ்வுறுதி காப்பாற்றப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. பாத்திரப் பேச்சு ஆக்கப் பேச்சாக மாறும் இடம் இது. வீட்டின் அநீதிக்குக் குணசேகரனும், அவ்வநீதி நீள்வதற்கு இயக்குநரும் பொறுப்பாளிகள் என்று நேயர்கள் பிரித்து அறிந்தனர்.

விளியும் நகையும்

குணசேகரனின் ‘இந்தாம்மா ஏய்’ என்னும் விளி தொடரைப் பார்க்காதவரும் அறிந்த தொடராயிற்று. அதன் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. ‘இந்தா’ என்பது ஒருவரின் கவனத்தைத் திருப்பும் சொல். ‘அம்மா’ என்பது உறவும் மதிப்பும் காட்டும் விளி. ‘ஏய்’ என்பது மதிப்பை நீக்கும் விளி. மதிப்பைக் கொடுத்த கையே அதைப் பறித்துக்கொள்கிறது. மூன்று சொற்களிலும் அழைக்கப்படும் பெண்ணின் பெயர் இல்லை. ஈஸ்வரியும் ஜனனியும் ஒரே விளிக்குள் பெயரற்றவராகின்றனர். தென்மாவட்டத்து வீடுகளில் பெரியவர் ஒருவர் மருமகளை அழைக்கும் வழக்கிலிருந்து இது எடுக்கப்பட்டதாதலின் கேட்டவுடன் அடையாளம் காணத்தக்கதாயிற்று.

இவ்விளிக்குத் தொடருக்குள் உள்ள முன்னம் தெளிவானது. வீட்டுக் கூடத்தில், அனைவர் முன்னிலையிலும், அதிகாரம் உடைய ஆண், மறுமொழி கூறும் உரிமையற்ற பெண்ணை நோக்கிக் கூறுவது அது. அதற்குரிய மெய்ப்பாடு வெகுளி. வெகுளி தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறுவனவற்றுள் குடிகோளும் அலையும் அடங்கும். குடியை நலிவித்தலும் அலைத்தலும் குணசேகரன் நாள்தோறும் செய்வன. ஆயினும் இவ்விளி நேயரிடத்தே நகையாக விளைந்தது.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, மாரிமுத்து அப்பாத்திரத்தை நடித்த முறை. குரலின் ஏற்ற இறக்கம், சொல்லை முடிக்காமல் விழுங்குதல், தன் அறியாமையை அறிவெனக் கருதிப் பேசும் தோரணை ஆகியவற்றால் அதிகாரத்தின் அருகிலேயே பேதைமையையும் அவர் வைத்தார். நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் உள்ளன. குணசேகரன் பிறரை எள்ளுபவர். தாமே பேதைமையால் எள்ளப்படுபவர். அரங்கில் ஒருவன் அஞ்சுவதைக் காண்பவனுக்கும் அச்சமே பிறக்க வேண்டும் என்பதில்லை, நகையோ இரக்கமோ பிறக்கலாம் என்னும் கருத்துப்படப் பேராசிரியர் மெய்ப்பாட்டியல் உரையில் விளக்குவார். நிகழ்த்துபவரின் சுவையும் காண்பவரின் சுவையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்னும் அவ்விளக்கம் இங்குப் பொருந்துகிறது.

இரண்டாவது காரணம், விளி தன் முன்னத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. துண்டுக் காட்சியாகவும் நகைப்படமாகவும் அது சுற்றியபோது, அதைக் கேட்டுத் தலைகுனிந்த பெண்ணின் முகம் அதில் இல்லை. சொல்பவர் உள்ளார், சொல்லப்பட்டவர் இல்லை. கூற்று எஞ்சியது, கேட்போர் நீக்கப்பட்டார். நகை பிறக்க வேண்டுமாயின் கேட்டவளின் முகம் மறைய வேண்டும் என்பது இங்குப் பெறப்படும் கருத்து.

பெயர்க்கப்பட்ட விளி பல கைகளுக்குச் சென்றது. மனைவி கணவனை நோக்கி அதைச் சொல்லும்போதும், மகள் தந்தையை நோக்கிச் சொல்லும்போதும் அது அதிகாரத்தின் சொல்லை அதிகாரத்தின் மீதே திருப்புகிறது. அதிகாரியின் சொல்லை அடங்கியிருப்போர் நடித்துக் காட்டி நகுவது நாட்டார் மரபில் நன்கு அறியப்பட்ட உத்தி. ஆனால் கணவன் மனைவியை நோக்கி அதையே விளையாட்டாகச் சொல்லும்போது நிலைமை வேறு. அடக்குமுறைச் சொல் நகைச்சுவை என்னும் உரிமம் பெற்று அதே வீட்டுக் கூடத்திற்குத் திரும்புகிறது. அதை எதிர்ப்பவள் நகைச்சுவை உணர்வு அற்றவள் ஆகிவிடுகிறாள். சொல் ஒன்றே, முன்னம் வேறாதலின் பயனும் வேறாகிறது. ஆகவே குணசேகரனைக் கண்டு மக்கள் சிரித்தனர் என்று பொதுப்படக் கூறுவது ஆய்வு ஆகாது. யார், யாரை நோக்கி, எங்கே சிரித்தனர் என்று முன்னத்தை மீட்டெடுப்பதே ஆய்வின் கடமை.

நடிகரும் பாத்திரமும்

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மாரிமுத்து, உதவி இயக்குநராகப் பணிபுரிந்து ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) ஆகிய படங்களை இயக்கியவர். பின்னர் நடிகராக நிலைபெற்றார். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் நாயகி ஜோதியின் தந்தையாக அவர் நடித்தது குறிப்பிடத்தக்கது. மகளிடம் அன்பு கொண்டவராகவும், சாதி ஒழுங்கை மீற இயலாதவராகவும் அமைந்த அப்பாத்திரம் உரத்துப் பேசாதது. குணசேகரன் உரத்துப் பேசுபவர். இரண்டும் குடும்ப மானம் என்னும் ஒரே பொருளின் இரு வடிவங்கள். ஒரு நடிகரின் பிம்பம் அவர் ஏற்ற பாத்திரங்களும் அவரது பொதுவாழ்வும் சேர்ந்து உருவாவது என்று ரிச்சர்டு டயர் 1979இல் எழுதினார். மாரிமுத்துவின் பிம்பத்தில் இவ்விரு தந்தையரும் அடங்குவர்.

அவரது பொதுவாழ்வுக் குரல் இதற்கு எதிர்த்திசையில் இருந்தது. சோதிடம் குறித்த தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சி ஒன்றில் 2023இல் அவர் அதனை மறுத்துப் பேசியது பரவலாகப் பேசப்பட்டது. பழமையின் காவலராகத் திரையில் தோன்றியவர் பகுத்தறிவின் பக்கம் நின்றதை நேயர்கள் வியப்போடும் நகையோடும் எதிர்கொண்டனர். குணசேகரனே சோதிடரை அதட்டுவதுபோல் அக்காட்சியைக் கண்டோரும் உண்டு. நடிகரின் கருத்தும் பாத்திரத்தின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அதிகாரத்தின் குரலைக் கேட்டு மகிழும் பழக்கம், அக்குரல் எதைச் சொல்கிறது என்பதைச் சாராமலே நிலைபெறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இழப்பும் பதிலீடும்

2023 செப்டம்பர் 8 அன்று, ‘எதிர்நீச்சல்’ தொடருக்கான குரல்பதிவுப் பணியின்போது உடல்நலம் குன்றிய மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். நெஞ்சுவலியைப் பற்றிக் குணசேகரன் பேசும் அண்மைக் காட்சி ஒன்று அன்று திரும்பத் திரும்பப் பகிரப்பட்டது. பாத்திரத்தின் சொல் நடிகரின் வாழ்வுக்கு முன்னறிவிப்பாகக் கொள்ளப்பட்டது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அச்செயலின் உட்பொருள் வேறு. நாள்தோறும் வீட்டிற்கு வந்த ஒருவரின் மறைவுக்கு நேயர்களிடம் சடங்கு இல்லை. இறுதிச்சொல்லாகக் கொள்ள அவர் தனக்கென விட்டுச்சென்ற சொல்லும் இல்லை. பாத்திரத்தின் சொல்லையே அவர்கள் இறுதிச்சொல்லாக எடுத்துக்கொண்டனர். எச்சத்தை நிறைவுசெய்யும் பழக்கம் இங்கே இரங்கலாக வெளிப்பட்டது.

பாத்திரப் பேச்சு, ஆக்கப் பேச்சு, நடிகர் பேச்சு ஆகிய மூன்றும் அந்நாட்களில் ஒன்றாயின. முதல் நாள் வரை குணசேகரன் வீழ வேண்டும் என்று விரும்பியோர் மாரிமுத்துவுக்காக அழுதனர். அவ்வழுகையில் குணசேகரனுக்கும் ஒரு பங்கு சென்றது. நடிகரின் மறைவால் பாத்திரத்தின் குற்றங்கள் பேச்சிலிருந்து நீங்கி, அது பாசத்திற்குரியதாக மீண்டும் நினைக்கப்பட்டது. ஈஸ்வரியின் மீது கை ஓங்கியவரும் ஆதிரையின் விருப்பத்தை நசுக்கியவரும் அப்பேச்சில் இல்லை.

தமிழ்த் தொடர்களில் நடிகர் விலகும்போது ‘இவருக்குப் பதில் இவர்’ என்னும் அறிவிப்போடு மற்றொருவர் தோன்றுவது வழக்கம். நேயர்கள் அவ்வழக்கத்தைக் கேலிசெய்தவாறே ஏற்றுக்கொள்வர். பாத்திரம் என்பது பெயரும் உறவும் கொண்ட ஓரிடம். அதை யாரும் நிரப்பலாம் என்பதே அதன் அடிப்படை. குணசேகரன் விஷயத்தில் இவ்வழக்கம் உரசலுக்கு உள்ளாயிற்று. பாத்திரத்தை முடித்துவிட வேண்டும் என்றும், தொடர வேண்டும் என்றும் நேயர்கள் வாதிட்டனர். கதைக்குள் குணசேகரன் வீட்டில் இல்லாத ஓர் இடைவெளி அமைக்கப்பட்டு, அதன்பின் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தில் தோன்றினார். ‘குற்றப் பரம்பரை’ நாவலின் ஆசிரியரான அவர், ‘மதயானைக் கூட்டம்’ (2013), ‘சேதுபதி’ (2016) ஆகிய படங்களால் கடுமையான பாத்திரங்களுக்கு அறியப்பட்டவர்.

புதிய குணசேகரனைப் பற்றி நேயர்கள் பரவலாகக் கூறிய குறை, அவரிடம் பழைய நகைச்சுவை இல்லை என்பதாகும். அவர் அச்சுறுத்துபவராகத் தோன்றினார். இக்கூற்று நடிகரின் திறம் பற்றிய மதிப்பீடாகவே கொள்ளப்பட்டது. அதனை வேறொரு கோணத்தில் நோக்க வேண்டும். கதைக்குள் குணசேகரனின் செயல்கள் அடிப்படையில் மாறவில்லை. பெண்களை அடக்குதலும் சொத்தைக் கைப்பற்ற முனைதலும் முன்போலவே தொடர்ந்தன. மாறியது அவற்றைச் சூழ்ந்திருந்த நகை மட்டுமே. நகை விலகியதும் அச்சம் எஞ்சியது. அவ்வாறாயின் அச்சம் முன்பும் அங்கேயே இருந்தது; நகை அதனை மூடியிருந்தது. புதிய நடிகர் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார் என்னும் நேயர் தீர்ப்பு, தம்மை அறியாமலே முந்தைய தம் சிரிப்பைப் பற்றி அவர்கள் அளித்த சாட்சியமாகிறது.

மறுப்பும் அதன் எல்லையும்

இம்முடிவுக்கு ஒரு மறுப்பு உண்டு. நகையின்றி அத்தகைய வீட்டை நாள்தோறும் அரைமணி நேரம் காண இயலாது; பெண் நேயர்கள் தம் வீட்டு அநீதியைத் திரையில் எதிர்கொள்ள அந்நகையே துணைசெய்தது என்பது அம்மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. கொடுமையைக் கொடுமையாகவே காட்டும் பனுவலை மக்கள் பார்க்க மறுக்கலாம். பேதைமை கலந்த அதிகாரி, தோற்கடிக்கத்தக்கவராகவும் தோன்றுகிறார். மருமகள்கள் அவரைக் கண்டு தமக்குள் சிரிக்கும் காட்சிகள் தொடரிலேயே உண்டு. அச்சிரிப்பில் நேயரும் சேர்ந்துகொள்வது அவ்வணியில் உறுப்பினராவதாகும்.

இம்மறுப்பு செல்லும் எல்லையும் இங்கேயே உள்ளது. மருமகள்களோடு சேர்ந்து குணசேகரனைக் கண்டு சிரிப்பது வேறு. குணசேகரனோடு சேர்ந்து மருமகள்களைக் கண்டு சிரிப்பது வேறு. முன்னது அடுக்களையிலிருந்து கூடத்தை நோக்கிய சிரிப்பு. பின்னது கூடத்திலிருந்து அடுக்களையை நோக்கியது. தொடரின் முழுப்பகுதியைப் பார்ப்பவர் முன்னதற்குச் செல்ல வழியுண்டு. ஏனெனில் அடுக்களை அங்கே காட்டப்படுகிறது. துண்டுக் காட்சியை மட்டும் காண்பவருக்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. ‘ஆண்களும் இளைஞரும் பார்க்கும் தொடர்’ என்று ‘எதிர்நீச்சல்’ புகழப்பட்டது. அப்புகழ்ச்சிக்குள், பெண்கள் மட்டும் பார்க்கும் தொடர் மதிப்புக்குரியதன்று என்னும் எண்ணம் மறைந்துள்ளது. இயன் ஆங் சுட்டிய எள்ளல் மனநிலையும் இதுவே. தொடரை நகைத்துப் பார்ப்பவர் தம்மை அதை நம்பிப் பார்ப்பவரினும் உயர்ந்தவராகக் கொள்கிறார். ஈஸ்வரிக்காகச் சினந்த நேயரின் பொருள்கோள், குணசேகரனைப் போல் பேசிக்காட்டியவரின் நகையைக் காட்டிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்டது என்பதே இதில் உள்ள அநீதி.

முடிவுரை

தொலைக்காட்சி நேயரின் உரையாடல், பனுவலை நிறைவுசெய்யும் செயலாகும். பாத்திரம், ஆக்கம், நடிகர் ஆகிய மூன்றையும் நேயர் பிரித்தறிந்தே பேசுகிறார். நடிகரின் மறைவு போன்ற நேரங்களில் இம்மூன்றும் கலந்து, பாத்திரத்தின் குற்றங்கள் நினைவிலிருந்து நீங்குகின்றன.

குணசேகரன் பாத்திரம் வெகுளியிலிருந்து நகைக்குப் பெயர்ந்தமைக்கு நடிப்பில் கலந்த பேதைமையும், விளி தன் முன்னத்திலிருந்து பெயர்க்கப்பட்டதும் காரணங்களாயின. அந்நகை அதிகாரத்தைக் குலைக்கும் ஆற்றலும் காக்கும் ஆற்றலும் ஒருங்கே உடையது. எது நிகழ்கிறது என்பதைச் சொல்லின் பொருள் முடிவுசெய்வதில்லை; சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையிலான உறவே முடிவுசெய்கிறது. நடிகர் மாறியபோது நகை விலகி அச்சம் வெளிப்பட்டமை இதனை உறுதிப்படுத்துகிறது.

2024 ஜூன் மாதம் நிறைவுற்ற இத்தொடர், அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்னும் பெயரில் மீண்டும் தொடங்கியது. வேல ராமமூர்த்தியே குணசேகரனாகத் தொடர, ஜனனி பாத்திரத்தில் வேறொரு நடிகை தோன்றினார். பதிலீட்டைப் பற்றிய நேயர் உரையாடலை ஒப்பிட்டு ஆராய இது மற்றொரு களமாகும். கொடுங்கோலராக வந்தவரின் பதிலீட்டுக்கு எழுந்த எதிர்ப்பும், எதிர்த்து நின்ற பெண்ணின் பதிலீட்டுக்கு எழுந்த எதிர்ப்பும் ஒரே அளவினவா என்னும் வினா, தமிழ் நேயர் யாரை ஈடுசெய்ய இயலாதவராகக் கருதுகிறார் என்பதை வெளிக்கொணரும். தொடர்களை ஆராய்வோர் திரையில் தோன்றும் முகத்தை மட்டும் நோக்காது, துண்டுக் காட்சியில் வெட்டி நீக்கப்பட்ட முகத்தையும் தேடிச் சேர்ப்பாராயின் அவ்வினாவுக்கு விடை கிட்டும்.